பழகுவதற்கு ஒரு இடம்

(கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஆட்டோ ஓட்டப் பழக வந்திருந்த பெண்களிடம் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



அக்காமாருங்க, தங்கச்சிங்க, வாசல்ல நிக்கிற அண்ணனுங்க, எல்லாரும் உள்ள வந்து உக்காருங்க. எனக்கு மேடைப் பேச்சு வராது. ஆட்டோ ஸ்டாண்டில் பேசுகிற பேச்சுதான் வரும். அதையே பேசிவிட்டுப் போகிறேன்.

இங்கே வந்ததிலிருந்து நாலைந்து பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "யக்கா, உனக்கு பயம் எப்பப் போச்சு?" இதைக் கேட்டால் பொதுவாகக் கிடைக்கிற பதில், "தைரியமா எடு, தானா வந்துடும்" என்பது. அந்தப் பதில் எனக்குப் பிடிக்காது. தைரியத்தை மட்டும் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே ஒரு கதை இருக்கிறது. கதை இல்லை, நடந்தது. பாபாசாகேப் தன் வாழ்க்கையில் நடந்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார்.

1929ஆம் வருஷம். அப்போதே அவர் பாரிஸ்டர். தீண்டத்தகாத மக்களின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசாங்கம் போட்ட குழுவில் உறுப்பினர். சாதி இந்துக்கள் ஊர்விலக்கம் செய்த ஒரு கிராமத்தை விசாரித்துவிட்டு சாலிஸ்காவ் ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறார். நம் ஜனங்கள் மாலையோடு காத்திருக்கிறார்கள். மகார்கள் குடியிருப்பு அங்கிருந்து இரண்டு மைல் போல. நடுவில் ஒரு ஆறு, அதன்மேல் தடுப்புச் சுவர் இல்லாத ஒரு கல்பாலம். நிலையத்துக்கு வெளியே குதிரை வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஆனாலும் அவரை ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். ஏன் என்று அவருக்குச் சொல்லவில்லை. கடைசியில் ஒரு வண்டி வந்தது. இவர் ஏறினார். மற்றவர்கள் குறுக்கு வழியில் நடந்து போய்விட்டார்கள்.

கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே எதிரே வந்த மோட்டார் காரில் மோதப் பார்த்தது. போலீஸ்காரர் சத்தம் போட்டுக் கத்தியதால் தப்பியது. பாலத்தில் ஏறும்போது குதிரை திரும்பி மிரண்டு ஓடுகிறது. ஓரத்தில் நட்ட கல்லில் சக்கரம் அடிக்கிறது. பாபாசாகேப் தூக்கி எறியப்பட்டு கல் தரையில் விழுகிறார். குதிரையும் வண்டியும் ஆற்றுக்குள். அவருக்குக் கால் முறிந்தது. பல நாள் நடமாட முடியவில்லை.

அப்புறம்தான் விஷயம் தெரிகிறது. தீண்டத்தகாதவரை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்ட எந்த வண்டிக்காரனும் சம்மதிக்கவில்லை. நம் தலைவரை நடத்தியா கூட்டிப் போவது என்று நம் ஆட்களுக்கு ரோஷம். ஒரு சமாதானம் பேசினார்கள். வண்டியை வாடகைக்குக் கொடுப்பார்கள், ஓட்ட மாட்டார்கள், நீங்களே ஆள் போட்டு ஓட்டிக்கொள்ளுங்கள். நம் ஆட்களில் யாருக்கும் குதிரை வண்டி ஓட்டத் தெரியாது. அது அவர்களுடைய தொழில் இல்லை. இருந்தும் ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார், இதில் என்ன இருக்கிறது என்று. உட்கார்ந்த பிறகுதான் பின்னால் இருப்பது யார் என்கிற பாரம் அவர்மேல் இறங்கியது. பதறிப்போய் குதிரையை அடக்குகிற முயற்சியையே விட்டுவிட்டார்.

அவர் பேரை பாபாசாகேப் எழுதவில்லை. நான் அந்த மனுசனைப் பற்றித்தான் ரொம்ப யோசிப்பேன். அவருக்குத் தைரியம் இல்லையா? இருந்தது. தலைவர்மேல் அன்பு இல்லையா? உயிரையே வைத்திருந்தார். அவரிடம் இல்லாதது என்ன? முந்தின நாள் இல்லை. முந்தின மாசம் இல்லை. காலி ரோட்டில், காலி வண்டியில், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து "மெதுவா, மெதுவா" என்று சொல்ல, நாலு ஞாயிற்றுக்கிழமை பழக அவருக்கு யாரும் வண்டி தரவில்லை. தலைவர் வந்த அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கையில் கொடுத்தார்கள்.

அதனால்தான் பயம் எப்பப் போச்சு என்று கேட்காதீர்கள் என்கிறேன். பழக இடம் எங்கே கிடைத்தது என்று கேளுங்கள்.

சைக்கிளையே எடுத்துக்கோங்க. ஊர்த் தெரு வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்பது நம் அப்பன் பாட்டன் காலத்துச் சட்டம். சில இடங்களில் இன்றைக்கும் புல்லட்டில் போகிற நம்ம பையனைப் பார்த்தால் சிலருக்கு வயிறு எரிகிறது. ஓட்டுவதற்கே இந்தப் பாடு என்றால், தடுமாறித் தடுமாறிப் பழகுவதற்கு யார் தெருவில் இடம் கிடைக்கும்? விழுந்தால் சிரிக்க நாலு பேர், திட்ட நாற்பது பேர். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். கல்குவாரியில் வேலை செய்த பெண்களும் அதில் உண்டு. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். அந்த பார் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாமே! ஒருத்தி தனியாகப் பழகியிருந்தால் கேலியிலேயே கரைந்திருப்பாள். கூட்டமாக இறங்கியதால் தெரு ஒதுங்கி வழி விட்டது. நீங்களும் இப்போது பன்னிரண்டு பேர் இருக்கிறீர்கள். அதுவே பாதி.

என் கதையை நீட்ட மாட்டேன். சிப்காட்டில் ஒரு கம்பெனியில், பேர் வேண்டாம், ஒப்பந்தத்தில் ஒன்பது வருஷம் வேலை. கான்ட்ராக்டர் மாறினார், எங்கள் பேர் பட்டியலில் இல்லை. முப்பத்தாறு வயசு. எங்கள் காலனியில் இருபது வருஷமாக ஆட்டோ ஓட்டும் ஒரு அண்ணன், "வண்டி பழகிக்கம்மா, எவன் கேட்டைத் தொறப்பான்னு நிக்க வேணாம்" என்றார்.

முதல் மூணு நாள் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவே விடவில்லை. வண்டியை நியூட்ரலில் போட்டுத் தள்ளச் சொன்னார். எவ்வளவு கனம், எந்தப் பக்கம் இழுக்குது என்று கைக்குத் தெரியணுமாம். அப்புறம் சீட்டில் உட்கார வைத்து, கண்ணை மூடிக்கிட்டு கிளட்சைப் பிடி, கியரைத் திருப்பு, ஒன்னு, ரெண்டு, நியூட்ரல், மறுபடி ஒன்னு. இடது கையில்தான் கிளட்சும் கியரும். வலது கையில் ஆக்சிலேட்டர். வலது காலில் பிரேக். ஸ்கூட்டருக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லைன்னு தோணும். தோணுவதில் நியாயம் இருக்கு. இந்த வண்டியே ஸ்கூட்டர் வயித்துல பொறந்ததுதான். இத்தாலியில் பியாஜியோ கம்பெனி 1946ல் வெஸ்பா ஸ்கூட்டரைக் கொண்டுவந்தது. இரண்டாவது உலகப் போரில் அடிபட்டுக் கிடந்த ஊர், சரக்கு ஏற்ற வண்டி வாங்க யாரிடமும் காசில்லை. 1948ல் அந்த ஸ்கூட்டருக்குப் பின்னால் ரெண்டு சக்கரமும் ஒரு பெட்டியும் வைத்து 'ஆப்பே' என்று விட்டார்கள். அவர்கள் மொழியில் அதற்குத் தேனீ என்று அர்த்தம். அந்தத் தேனீதான் நம்ம ஊருக்கு வந்து ஆட்டோ ஆச்சு. ஆக நீங்கள் ஓட்டப்போவது ஒரு மூணு சக்கர மோட்டார் சைக்கிள். ஆனால் மோட்டார் சைக்கிள் மாதிரி ஓட்டினால் கவிழும். இதை மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிடறேன்.

ரெண்டு சக்கர வண்டி வளைவில் தானும் சாயும், உங்களையும் சாய வைக்கும். இது சாயாது. நிமிர்ந்தேதான் திரும்பும். அதனால் வளைவில் உங்கள் உடம்பு வெளிப்பக்கம் தள்ளும். பழகுகிறவர்களுக்கு முதல் பயமே இங்கேதான். உடம்பை உள்பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொண்டால் வண்டிக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. இன்னொன்று, வண்டி தடுமாறுகிற மாதிரி இருந்தால் ஸ்கூட்டர் ஞாபகத்தில் காலைத் தரையில் ஊன்றப் போவீர்கள். வேண்டவே வேண்டாம். கால் உள்ளேயே இருக்கட்டும்.

பிரேக். வீட்டில் முக்காலி இருந்தால், ஒரு காலை முன்னால் வைத்து அதில் உட்கார்ந்து பாருங்கள். முன்பக்கம் நேராகச் சாய்ந்தால் தாங்கும். முன்பக்கமாக மூலைக்குச் சாய்ந்தால் அங்கே கால் இல்லை, தூக்கிப் போட்டுவிடும். ஆட்டோவும் அதே முக்காலிதான். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது பிரேக்கை அழுத்தினால் பாரம் எல்லாம் சக்கரமில்லாத அந்த மூலைக்குப் போகும். பின்சக்கரம் ஒன்று தரையை விட்டுத் தூக்கும். அதனால் திரும்புவதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறை, அப்புறம் திருப்பு, திரும்பி நேரான பிறகு முறுக்கு. அண்ணன் எனக்கு இந்த ஒன்றை மட்டும் இரண்டு வாரம் சொல்லிக் கொடுத்தார். சலிப்பாக இருந்தது. "தா, வேற எதுனா சொல்லிக் குடுண்ணா" என்பேன். "இது வந்துட்டா வேற எதுவும் வேணாம்மா" என்பார்.

அப்புறம் பள்ளம். மோட்டார் சைக்கிளுக்கு ஒரு தடம். லாரிக்கு ரெண்டு தடம், பள்ளத்தை நடுவில் விட்டுத் தாண்டிவிடும். ஆட்டோவுக்கு மூணு தடம். முன்சக்கரத்தை ஒதுக்கினால் பின்சக்கரம் போய் விழும். பின்சக்கரம் ரெண்டுக்கும் நடுவில் விடலாம் என்றால் முன்சக்கரம் அங்கேதான் வரும். டிரெய்லர் லாரிகள் ஓடி ஓடி நம்ம சிப்காட் ரோடு என்ன கதியில் இருக்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். தாண்ட முடியாத பள்ளத்தில் இறங்கித்தான் ஆகணும். முன்சக்கரத்தைவிட ஒரு பின்சக்கரம் இறங்கினால் குலுக்கல் குறைவு. ஹேண்டில் உங்கள் கையிலேயே இருக்கும். எந்தச் சக்கரத்தை இறக்குவது என்று நீங்களே முடிவு பண்ண ஆரம்பிக்கிற அன்றைக்கு வண்டி உங்களுடையது.

வண்டி அகலம் ஏறக்குறைய நாலேகால் அடி. ஆனால் நடுவில் உட்கார்ந்திருப்பதால் ஸ்கூட்டர் அகலம்தான் மனசில் இருக்கும். ரெண்டு பக்கமும் செங்கல் அடுக்கி அதற்கு நடுவில் ஓட்டிப் பழகுங்கள். முன்னால் போவதும் ரிவர்ஸ் வருவதும். செங்கல் பேசாது, சாதி கேட்காது, விழுந்தால் எடுத்து வைத்துக்கலாம்.

எங்கே பழகினேன் என்றால், அதே சிப்காட் ரோட்டில்தான். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் லாரி நடமாட்டம் குறைவு. அகலமான ரோடு. ரெண்டு பக்கமும் கம்பெனிச் சுவர்தான். ஊர்த் தெருவும் இல்லை, யார் வீட்டுத் திண்ணையும் இல்லை. சிப்காட் நிறுவனம் 1971ல் ஆரம்பித்தது. எவ்வளவோ குறை சொல்லலாம், நானே சொல்லுவேன், உருக்காலைப் புகையை ஒன்பது வருஷம் குடிச்சவ நான். ஆனால் அந்த ரோட்டில் என்னை யாரும் இறங்கித் தள்ளிக்கிட்டுப் போ என்று சொல்லவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். கூடவே இன்னொன்றையும். நம் வட்டத்திலேயே தேர்வாய் கண்டிகை இருக்கிறது. பெரும்பாலும் தலித் மக்கள் வாழ்கிற ஊர். அவர்கள் ஆடு மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய நிலம் 1,100 ஏக்கருக்கு மேல் சிப்காட்டுக்குப் போனது. அவர்கள் போராடினார்கள். அங்கே வந்தது பிரெஞ்சு டயர் கம்பெனி என்பதால் 2012ல் பிரான்சு வரைக்கும் புகார் போனது. அந்த நிலத்தில் இன்று டயர் செய்கிறார்கள். அந்த மாதிரி டயர் உருண்டு போகிற ரோட்டின் ஓரத்தில் நாம் வண்டி பழகுகிறோம். பிள்ளைகள் சைக்கிள் பழகுகிற வெளியும் மேய்ச்சல் நிலம்தான் என்பதை யார் கணக்கில் வைத்தார்கள்?

சரி, காலி வண்டி கைக்கு வந்துவிட்டது. உடனே சவாரி ஏற்றிவிடாதீர்கள். மூணு பேர் உட்கார்ந்தால் அது வேறு வண்டி. பிரேக் பிடித்தால் நிற்கிற தூரம் கூடும், வளைவில் தள்ளுகிற தள்ளு கூடும். நான் முதலில் மணல் மூட்டை ஏற்றினேன். அப்புறம் எங்கள் ஆயாவை ஏற்றினேன். ஆயா வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தது. பின்னால் சத்தம் கேட்டுக்கொண்டே ஓட்டுவதும் ஒரு பழக்கம்தானே.

கடைசியில் ஹைவே. கல்கத்தா ரோட்டில் கண்டெய்னர் நம்மைத் தாண்டும்போது காற்று முதலில் தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கத் தோன்றும். இறுக்கினால் உங்கள் தோள் நடுக்கமெல்லாம் சக்கரத்துக்குப் போகும். பிடி இருக்கணும், இறுக்கம் கூடாது. குழந்தை கையைப் பிடித்து ரோடு தாண்டுவோமே, அந்தப் பிடி. சர்வீஸ் ரோடு இருக்கிற இடத்தில் சர்வீஸ் ரோட்டிலேயே போங்கள், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

ஒரு ராத்திரி. வண்டி எடுத்து ஆறு மாசம் ஆகியிருக்கும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இடுப்பு வலி. மணி ரெண்டு. போன் பண்ணின வண்டி வருவதாகக் காணோம். மழை வேறு. பொன்னேரிக்குப் போகணும். அவள் அம்மா என் கையைப் பிடித்து, "நீதான்டி கொண்டுபோய் சேக்கணும்" என்கிறாள். ஹைவேயில் ஏறியதும் எனக்குப் பயம் வந்தது. பயமே போயிடுச்சுன்னு சொல்ற ஆட்டோக்காரரை நம்பாதீங்க. அந்தச் சாலிஸ்காவ் மனுசன்மேல் இறங்கிய அதே பாரம் என்மேலும் இறங்கியது. பின்னால் ரெண்டு உயிர், அதில் ஒன்று இன்னும் உலகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் தச்சூர் கூட்ரோட்டில் திரும்பும்போது பார்க்கிறேன், என் கை தானாகவே முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டது. உடம்பு உள்பக்கம் சாய்ந்துவிட்டது. நான் சொல்லவில்லை, கையே செய்தது. ரெண்டு வாரம் சலிக்கச் சலிக்கச் செய்த வேலை அங்கே வந்து நின்றது. முப்பதுக்கு மேல் முள் ஏறவில்லை. விடிவதற்குள் ஆண் குழந்தை. இப்போது ஸ்கூலுக்குப் போகிறான், என் வண்டியில்தான், வாடகை தராமல்.

லைசென்சு விஷயம் சுருக்கமாக. வாடகை வண்டி ஓட்ட எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதியில் இருந்தது. எத்தனையோ நம் ஆட்களை வாசலிலேயே நிறுத்திய விதி அது. பள்ளிக்கூடத்தில் சேர்க்காமலும் வைப்பான், சேராதவனுக்கு ஸ்டியரிங்கும் தர மாட்டான். 2019ல் அதை எடுத்துவிட்டார்கள். இங்கே ஐந்தாவதோடு நின்ற அக்காங்க யாராவது இருந்தால் தயங்க வேண்டாம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இலகு ரக வாகன உரிமம் இருந்தாலே 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியையும் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டது. எல்.எல்.ஆர். ஆறு மாசம் செல்லும், முப்பது நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். முப்பதாவது நாளே ஓட வேண்டும் என்று ஒன்றும் இல்லை. எல் போர்டு மாட்டுவதற்கு வெட்கப்படாதீர்கள்.

வண்டிக்குப் பணம். தாட்கோ 1974லிருந்து இருக்கிறது, மானியத்தோடு கடன் உண்டு. 2025 மார்ச்சில் சென்னையில் பெண்களுக்கு இளஞ்சிவப்பு ஆட்டோ என்று ஒரு லட்ச ரூபாய் மானியத்தோடு தொடங்கினார்கள். சென்னை எல்லை தாண்டி நம் பக்கம் அந்தக் கலர் வரட்டும் என்று மனு கொடுத்துக்கொண்டே இருப்போம். அதுவரை நாள் வாடகைக்கு எடுக்கிறவர்கள், வண்டியை எடுப்பதற்கு முன் பிரேக்கை நீங்களே மிதித்துப் பாருங்கள். ஓனர் சொல்லை நம்பாதீர்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதற்கு எந்தச் செங்கலும் வைத்துப் பழக முடியாது. ஸ்டேஷன் வாசலில் ஒரு பெரியவர், கையில் ரெண்டு பை. ஏறப்போனவர் நின்று கேட்டார், "எந்த ஊரும்மா?" சொன்னேன். "ஊர்ல எங்க?" இந்த ரெண்டாவது கேள்வி எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். "காலனிங்க" என்றேன். காலை எடுத்துக்கொண்டார். ஞாபகம் வந்த மாதிரி, "இல்ல, ஒருத்தர் வரணும்" என்று சொல்லி, எனக்குப் பின்னால் நின்ற வண்டியில் போய் ஏறினார். அந்த வண்டியில் இருந்தது யாரு? எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த அண்ணன். நெற்றியில் பட்டை, நரைத்த மீசை. அவரைப் பெரியவர் எதுவும் கேட்கவில்லை. அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு மீட்டர் கட்டணத்துக்கு மேலே அம்பது ரூபா சேர்த்துச் சொன்னார். பேரமே பேசாமல் கொடுத்தாராம். அன்றைக்கு சாயங்காலம் ஸ்டாண்டில் எல்லோருக்கும் டீ.

சாலிஸ்காவில் வண்டிக்காரன் பார்த்தான், யாரை ஏற்றுவது என்று. இங்கே ஏறுகிறவன் பார்க்கிறான், யார் ஓட்டுவது என்று. இப்படி ஆட்கள் வருவார்கள். வந்த அன்றைக்குக் கை நடுங்கும், அது பயத்தில் இல்லை, கோபத்தில். கோபத்தோடு கிளட்சை விட்டால் வண்டி குதிக்கும். நான் அந்த மாதிரி சமயத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டுத்தான் அடுத்த சவாரியை ஏற்றுவேன். அடுத்த சவாரி வரத்தான் செய்யும். ஷிப்டு முடிந்து வருகிற பெண்பிள்ளைகள் ராத்திரி பத்து மணிக்கு என் வண்டியைத் தேடிப் பிடித்து ஏறுகிறார்கள். எந்தத் தெரு என்று கேட்பதில்லை, "யக்கா வந்துட்டியா" என்றுதான் கேட்கிறார்கள்.

பேச்சு போதும், வெயில் ஏறிவிட்டது. வேப்பமரத்தடியில் ரெண்டு வண்டி நிற்கிறது. செங்கல் கொண்டுவந்தாச்சு. சாவியை நான் இன்னிக்கு யார்கிட்டயும் தர மாட்டேன், தள்ளுறதுதான் இன்னிக்குப் பாடம். ஆறு ஆறு பேரா வாங்க. புடவையை நல்லா இழுத்துச் செருகிக்குங்க.